நோயாளி கையெழுத்துப் போடக்கூடாது

பிப்ரவரி 3, செவ்வாய்

சின்னவனின் இடது காலணியைக் காணோம். ஆறு மணிக்குத் தேடத் தொடங்கி ஆறேகாலுக்கு அரிசி டப்பாவுக்குள் கண்டெடுத்தேன். "அது தூங்குது, எழுப்பாத" என்கிறான். நாலு வயசு. அடிக்கக் கை வரவில்லை, சிரிக்க நேரமில்லை. பெரியவள் டப்பாவை வாங்கி மேலாகக் கிடந்த மண்ணைப் பொறுக்கி எடுத்துவிட்டு, தானே தலைவாரிக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்கு ஏழு. வகிடு கோணலாக இருந்தது. நான் சரி செய்யவில்லை.

ஆறரைக்கு இருவரையும் கீழ் வீட்டுத் தையல்கார அக்காவிடம் விட்டுவிட்டு ஓட்டம். அக்காதான் எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறார், மதியம் கூட்டிவந்து நான் வரும்வரை வைத்துக்கொள்கிறார். ஏழு மணிக்கு வார்டில் இருக்க வேண்டும். எங்களுடையது எலும்பு முறிந்தவர்களின் வார்டு. முப்பது கட்டில், முப்பது மாவுக்கட்டு. படுத்துக்கிடப்பவர்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் பரிதாபம் வருவதில்லை. பொறாமைதான் வருகிறது.

விவாகரத்தாகிப் பதினோரு மாதம். இந்தக் குறிப்பேட்டை வாங்கி ஏழு மாதம். எழுதியது நாலே நாலு பக்கம். இன்றைக்கு ஏன் எழுதுகிறேன் என்று கேட்டால், உட்கார்ந்தேன், கைக்குப் பேனா கிடைத்தது.

பிப்ரவரி 7, சனி

ஒப்படைத்தாயிற்று. சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிள்ளைகள் அப்பா வீட்டுக்குப் போக வேண்டும், ஞாயிறு மாலை ஐந்துக்குத் திரும்பி வர வேண்டும். தீர்ப்பு அப்படி.

அவரை இதில் என்ன சொல்லி எழுதுவது? 'அவர்' என்றால் பழைய மரியாதை ஒட்டிக்கொண்டு வருகிறது. 'அவன்' என்று பழகினால் பிள்ளைகள் முன்னால் வாய் தவறிவிடும். 'அடுத்த ஷிப்ட்' என்று வைத்துக்கொள்கிறேன். பொருத்தமாகத்தான் இருக்கிறது.

நானும் அடுத்த ஷிப்டும் வாய் திறந்தால் சண்டை. அதனால் எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள் என்றார் குடும்ப நீதிமன்றத்தின் ஆலோசகர் அம்மா. நான் ஒரு சிவப்பு நோட்டு வாங்கி, வார்டில் போடுகிற மாதிரியே கட்டம் போட்டேன். பெயர், சாப்பாடு, தூக்கம், மருந்து, அழுகை, மற்றவை. கடைசிக் கட்டம் கையெழுத்துக்கு. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, "வீட்டையும் வார்டாக்கிட்டியா?" என்று கேட்டது அடுத்த ஷிப்ட். கேட்டுவிட்டுப் போகட்டும். வார்டில் எத்தனையோ உயிர் இந்தக் கட்டங்களால்தான் பிழைத்திருக்கிறது. ஷிப்ட் முடிந்து போகிறவள் சொல்லிவிட்டால் மட்டும் போதாது. வருகிறவள் "எடுத்துக்கிட்டேன்" என்று வாயால் சொல்லி, கையெழுத்தும் போட வேண்டும். அதுவரை நோயாளி போகிறவளுடைய பொறுப்பு. பேருந்து போனாலும் சரி, பிள்ளை அழுதாலும் சரி, நகரக்கூடாது.

பெரியவளுக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். பொம்மைகளை வரிசையாகப் படுக்கவைத்து, "மூணாம் கட்டில், காய்ச்சல் இல்ல, எடுத்துக்கிட்டீங்களா சிஸ்டர்?" என்று தம்பியை மிரட்டுவாள். சிஸ்டர் அதற்குள் பொம்மையின் காலைக் கடித்துக்கொண்டிருப்பார்.

இன்று அப்பா வீட்டு வாசலில் சின்னவன் என் கையை உதறிவிட்டு ஓடிவிட்டான். பெரியவள் மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள். கேட்டருகில் ஒன்று, படி வளைவில் ஒன்று, மேலே போய் சன்னலிலிருந்து ஒன்று. என் பொண்ணு. அவளுக்கு அம்மான்னா உயிர்.

பிப்ரவரி 9, திங்கள்

அசதி. வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

இரண்டு சிஸ்டர்கள் விடுப்பு. பதினாறு பேருக்கு நான் ஒருத்தியே கட்டு மாற்றினேன். தொடையில் கம்பி வைத்த லாரி ஓட்டுநர் ஊசியைப் பார்த்ததும், "சிஸ்டர், எனக்குப் புள்ளகுட்டி இருக்கு" என்று கும்பிட்டார். "எனக்கும்தான் இருக்கு, திரும்பிப் படுங்க" என்றேன். வார்டே சிரித்தது. 

வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்குப் பால் வைத்தேன். கொதிக்கும்வரைதானே என்று நாற்காலியில் சாய்ந்தேன். கண் விழித்தபோது வீடெல்லாம் புகை. தையல்கார அக்கா கழுத்தில் அளவு நாடாவோடு சன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தார். அடுப்பு அணைந்திருந்தது. பாத்திரம் கரி. சின்னவன் மேசைக்கடியில் உட்கார்ந்து "மேகம் வந்துச்சு, மேகம் வந்துச்சு" என்று பாடிக்கொண்டிருந்தான். பெரியவள் அடுப்புப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா "பாத்திரத்த ஊறப்போடும்மா, நாளைக்குத் தேச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

என் பிள்ளைகளை நானே எரித்திருப்பேன். பெத்தவ நான். நானே.

பிப்ரவரி 15, ஞாயிறு

பிள்ளைகளைக் கூப்பிடப் போனேன். சிவப்பு நோட்டைக் கையில் கொடுத்தபடியே கேட்டது அடுத்த ஷிப்ட்: "அடுப்ப அணைக்காம தூங்கிட்டியாமே?"

"யார் சொன்னா?" 

"யார் சொன்னா என்ன? நடந்துச்சா இல்லையா?"

இருவரையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிள்ளைகளைக் கேட்டேன். சின்னவன் "மேகம்" என்றான். பெரியவள், "நான் அப்பாகிட்ட ஒண்ணும் பேசலம்மா" என்றாள். பொய் சொல்கிற பிள்ளை இல்லை அவள். அப்படியென்றால் யார்? அன்றைக்கு வீட்டுக்குள் இருந்த வெளியாள் ஒரே ஒருத்தர்தான்.

பிப்ரவரி 18, புதன்

சின்னவனை அடித்துவிட்டேன்.

நாளைக்குப் போட வேண்டிய ஒரே சலவைச் சீருடையை எடுத்துத் தரை துடைத்துக்கொண்டிருந்தான். எனக்கு உதவி செய்கிறானாம். முதுகில் ஒன்று வைத்தேன். ஓங்கித்தான். அவன் அழவில்லை. திகைத்துப்போய் என் கையைப் பார்த்தான், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல.

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தால் பெரியவள் கதவோரத்தில் வெப்பமானியோடு நிற்கிறாள். "வாயத் திற" என்றாள். நர்ஸ் விளையாட்டு. திறந்தேன். இந்த ஒரு பிள்ளை இல்லையென்றால் எனக்கு என்ன ஆகியிருக்கும்?

பிப்ரவரி 22, ஞாயிறு

"சின்னவன அடிச்சியாமே?"

எல்லாம் தெரிகிறது அந்த மனுஷனுக்கு. நான் அழுதது, எத்தனை மாத்திரை போட்டேன் என்பதுவரை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டான். ஆமாம், அவன்தான். இன்றைக்கு அவன்தான்.

எங்கள் தரை அக்காவுக்குக் கூரை. காதை வைத்துக் கேட்கக்கூட வேண்டாம்.

பிப்ரவரி 24, செவ்வாய்

கேட்டுவிட்டேன். வேலை முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக அக்கா வீட்டு வாசலில் நின்றபோது, மனசில் இருந்ததெல்லாம் வாயில் வந்துவிட்டது. "எங்க வீட்டுக் கதைய அங்க போட்டுக் குடுக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

அக்கா தையல் மிஷினை நிறுத்தினார். "யாருகிட்ட?"

"தெரியாத மாதிரி பேசாதீங்க. அவருகிட்டதான்."

"உங்க வீட்டுக்காரர் மூஞ்சிகூட எனக்குத் தெரியாதும்மா."

"அவரு என் வீட்டுக்காரர் இல்ல" என்று கத்திவிட்டு மேலே வந்துவிட்டேன். சின்னவனின் மதிய உணவு டப்பாவைக்கூட அங்கேயே விட்டுவிட்டேன். எடுக்கப் போக மாட்டேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

பெரிய சிஸ்டரிடம் கெஞ்சி, காலை ஷிப்டை விட்டுவிட்டு பத்திலிருந்து ஆறு மணிவரை மாவுக்கட்டு அறைக்கு மாற்றிக்கொண்டேன். பிள்ளைகளைப் பள்ளிக் காப்பகத்தில் சேர்த்திருக்கிறேன். ஆறரைக்கு மூச்சிரைக்கப் போய் நிற்கும்போது காப்பகத்தில் இரண்டே பிள்ளைகள். இரண்டும் என்னுடையவை. ஆயா கதவைப் பூட்டச் சாவியோடு நிற்கிறார்.

யார் தயவும் வேண்டாம்.

மார்ச் 3, செவ்வாய்

கடிதம் வந்தது. பெரியவளை வரும் பள்ளியாண்டிலிருந்து தன்னுடன் வைத்துக்கொள்ள அடுத்த ஷிப்ட் விண்ணப்பம் கொடுத்திருக்கிறது. சின்னவன் என்னிடம் இருக்கலாமாம், 'வயது காரணமாக'. மார்ச் 19 அன்று ஆலோசகர் முன்னால் வர வேண்டும். பிள்ளையின் விருப்பமும் கேட்கப்படும்.

இதை எழுதித்தான் ஆக வேண்டும், யாரும் படிக்கப்போவதில்லை. கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை. ஒரு நிம்மதி. ஒரே ஒரு கணம். ஒரு தட்டு குறைவாகக் கழுவ, ஒரு சீருடை குறைவாகத் துவைக்க... அப்புறம்தான் அழுகை வந்தது. என்ன ஜென்மம் நான். அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அப்படியிருக்க அந்தக் கணம் எங்கிருந்து வந்தது?

மார்ச் 8, ஞாயிறு

போக விரும்புகிறாளோ?

ஒவ்வொரு ஞாயிறும் வந்ததும் முதல் வேலையாகச் சிவப்பு நோட்டை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போகிறாள். திறந்து பார்க்கிறாள். முகம் விழுந்துபோகிறது. மூடிவைத்துவிடுகிறாள். "என்னடி தேடற?" என்றால் "ஒண்ணுமில்ல". அப்பா தனக்கு ஏதாவது எழுதியிருப்பாரா என்று பார்க்கிறாள்போல. கூடவே ஒரு கேள்வி: "நான் அங்க போயிட்டா இங்க யாரு இருப்பா?" 

"தம்பி இருப்பான்."

"தம்பி சின்னப் பையன்" என்றாள். பெருமூச்சு வேறு.

கணக்குப் போட்டுப் பார்க்கிறாள் என் பொண்ணு, போவதா வேண்டாமா என்று. எனக்குச் சோறு இறங்கவில்லை. பாதியைச் சின்னவன் தட்டில் தள்ளினேன்.

மார்ச் 14, சனி

கேட்டருகில் ஒன்று, படியில் ஒன்று, சன்னலில் ஒன்று. இன்று சன்னலில் நெடுநேரம் நின்றாள். நான்தான் முதலில் திரும்பினேன். இன்னும் எத்தனை சனிக்கிழமை?

மார்ச் 19, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு எனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்வேன்.

ஆலோசகரின் அறை. ஒரு மேசை, நாலு நாற்காலி, நின்றுபோன சுவர்க் கடிகாரம். பிள்ளைகள் வெளியே வண்ணப் பென்சில்களோடு. நான் பேசத் தயாராகப் போயிருந்தேன், பேருந்திலேயே மூன்று தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். அதற்குள் அடுத்த ஷிப்ட் சிவப்பு நோட்டை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்தை முன்னால் வைத்தது. "இதப் பாருங்க மேடம். நானா எதையும் கற்பனை பண்ணிச் சொல்லல."

அந்த நோட்டின் முன்பக்கங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். பின்பக்கத்தை நான் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

பென்சிலால், அடிக்கோல் வைத்து, என் கட்டங்களே. பெயர் என்ற இடத்தில்: அம்மா.

'சாப்பாடு: பாதி. தூக்கம்: நாற்காலியில். மருந்து: தலைவலி மாத்திரை 2. அழுகை: இல்லை. மற்றவை: பால் தீஞ்சு புகை வந்தது. நான் அணைத்தேன்.'

'சாப்பாடு: ரொட்டி 1. தூக்கம்: தெரியாது. மருந்து: 1. அழுகை: குளியலறை, குழாய் திறந்து. காய்ச்சல் இல்லை, நான் பார்த்தேன். மற்றவை: தம்பியை அடித்தாள். பிறகு தம்பிக்குக் கதை சொன்னாள்.'

ஒன்பது சனிக்கிழமை, ஒன்பது வரி. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கையெழுத்துக்கு ஒரு கட்டம். ஒன்பதும் காலி.

"புள்ள என்னைக் கூப்பிடற மாதிரி இருந்துச்சு" என்று அவர் சொன்னார். என்னைப் பார்த்து. குரலில் சண்டை இல்லை. "நான் என்ன பண்ணியிருக்கணும், நீயே சொல்லு."

காலிக் கட்டங்களை மறுபடி ஒருமுறை எண்ணினேன்.

ஆலோசகர் அம்மா பெரியவளை உள்ளே கூப்பிட்டார். "இத யாருக்காக எழுதினே கண்ணு?"

"அடுத்து பாத்துக்கறவங்களுக்கு." ஏன் இதெல்லாம் கேட்கிறார்கள் என்கிற மாதிரி சொன்னாள். "சனிக்கிழம நாங்க போயிடுவோம்ல. அம்மா தனியா இருப்பா. யாராவது எடுத்துக்கணும். அப்பா எனக்கும் தம்பிக்கும் மட்டும்தான் கையெழுத்து போடறாங்க. அம்மாவுக்குப் போடவே மாட்டேங்கறாங்க. ஒன்பது தடவ எழுதிட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்பா வீட்ல இருக்கப் பிடிக்குமா உனக்கு?"

"பிடிக்கும். அங்க நான் தூங்கிடுவேன்."

"அம்மா வீட்ல?"

"அங்க அடுப்பப் பாக்கணும்ல."

எந்த நீதிபதியும் என்னை இதற்கு மேல் கேட்க முடியாது. விட்டுக் கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. அவளாவது தூங்கட்டும். வாயைத் திறந்தும்விட்டேன். ஆலோசகர் அம்மா கையமர்த்தினார். "இன்னைக்கு முடிவு எதுவும் வேண்டாம். ஏப்ரல் முப்பது வாங்க. அதுக்குள்ள ரெண்டு பேரும் இந்தப் புள்ளைய வேலைய விட்டு நிறுத்துங்க."

பேருந்தில் என் மடியில் சின்னவன் தூங்கிவிட்டான். பெரியவள் மெதுவாகக் கேட்டாள்: "நான் தப்பா எழுதிட்டேனாம்மா?"

"இல்லடி. எல்லாமே சரியா எழுதியிருக்க."

மார்ச் 20, வெள்ளி

விடுப்பு. ஒன்பது வரியையும் திரும்பப் படித்தேன். ஒரு சொல் பொய்யில்லை. அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரை நான் பேசிய பேச்சு!

அந்த மூன்று தடவை திரும்பிப் பார்ப்பதும் இப்போதுதான் புரிகிறது. அது பாசமில்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஷிப்ட் முடிந்து போகும்போது, நிலைமை மோசமாக இருக்கிற கட்டிலை நானும் அப்படித்தான் திரும்பிப் பார்ப்பேன். அதைப் போய்ப் பெருமையாக எழுதிவைத்திருக்கிறேன், பிப்ரவரி ஏழாம் தேதி.

மார்ச் 21, சனி

காலையில் பெரியவளை எதிரில் உட்காரவைத்தேன். "இனிமே அம்மாவ அம்மாவே பாத்துப்பேன். உன் டூட்டி முடிஞ்சுது. நீ போகலாம்." நல்ல பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். பேனாவை எடுத்து, முதல் வரியின் காலிக் கட்டத்தில் கையெழுத்துப் போடப் போனேன்.

நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "நோயாளி கையெழுத்துப் போடக் கூடாது."

"அது வந்துடி..."

"நீதானே சொன்ன?"

நான்தான் சொன்னேன். ஒருமுறை வார்டில் கட்டில்காரர் ஒருவர் விளையாட்டாகத் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்ட கதையை, இவள் வயிறு வலிக்கச் சிரிக்கும்வரை சொன்னவள் நான்தான். இப்போது அவள் சிரிக்கவில்லை. "யாராவது பெரியவங்க போடணும். இல்லன்னா நான் போக மாட்டேன்" என்று காலணியைக் கழற்றிவிட்டாள்.

மணி ஒன்பதேகால். யார் இருக்கிறார்கள் எனக்கு? ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன், விரல் ஒன்றுகூட மடங்கவில்லை. கீழே தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. பெரியவளும் அதைக் கேட்டாள். என்னைப் பார்த்தாள்.

இருபத்தைந்து நாள் கழித்து அந்தப் படியில் இறங்கினேன். ஒரு கையில் சின்னவன், ஒரு பக்கம் பெரியவள், அவள் கையில் சிவப்பு நோட்டு. அக்கா சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அக்கா, நான் அன்னிக்குப் பேசினது தப்பு. நீங்க யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல."

"நான் சொல்லலன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். ஊசி நிற்கவில்லை. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "அன்னிக்கு அடுப்ப அணைச்சதும் நானில்ல. நான் மேல வரும்போதே உன் பொண்ணு முக்காலிய இழுத்துப் போட்டு ஏறி அணைச்சிருந்தா. சொல்லணும்னுதான் நெனச்சேன். நீ இருந்த இருப்புல எப்படிச் சொல்றது?" என்றார். 

நான் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். குழாய் இல்லாமல், எல்லார் முன்னாலும். சின்னவன் என் கையை விட்டுவிட்டுப் போய்த் துணிக் குவியலில் குதித்தான்.

பெரியவள் நோட்டை நீட்டினாள். "அம்மாவ நீங்க எடுத்துக்கறீங்களா? ஞாயித்துக்கிழம அஞ்சு மணி வரைக்கும்தான்."

அக்கா மிஷினை நிறுத்தினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்பது வரியையும் படித்தார். அவசரப்படவில்லை. "சாப்பாடு பாதின்னு போட்டிருக்கே, மிச்சப் பாதி எங்க?"

"தம்பி தின்னுட்டான்."

"ம். தூக்கம் தெரியாதுன்னு போட்டிருக்கே, ஏன்?"

"நான் தூங்கிட்டேன்" என்றாள் தலையைக் குனிந்து.

"நல்ல வேல பண்ணினே" என்றார் அக்கா. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"பென்சில் செல்லாது."

"அடேயப்பா" என்று பேனா தேடினார். ஒன்பது கட்டத்திலும் போட்டார். "முழுச் சட்ட ஒண்ணு தைச்சிருப்பேன் இந்நேரம்" என்று முணுமுணுத்துக்கொண்டே. கையெழுத்து முடிந்தது. பெரியவள் அப்படியே நின்றாள். அக்காவுக்குப் புரியவில்லை. நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது: "வாயாலயும் சொல்லணும்க்கா."

"எடுத்துக்கிட்டேன்" என்றார் அக்கா.

பெரியவளின் தோள் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். இத்தனை நாளாக அது ஏறியிருந்ததே எனக்குத் தெரியவில்லை. தினம் முப்பது பேர் உடம்பைத் தொட்டுப் பார்க்கிறவள் நான்.

கேட்டருகில், படியில், சன்னலில். இன்றைக்கும் மூன்று தடவை. ஒரு கையெழுத்தில் போய்விடுமா என்ன.

மார்ச் 22, ஞாயிறு

மதியம் அக்கா தட்டோடு மேலே வந்துவிட்டார். "பாதி சாப்பாடு கணக்கெல்லாம் எங்கிட்ட நடக்காது. கையெழுத்து போட்டிருக்கேன்." முழுத் தட்டையும் தின்னவைத்துவிட்டுத்தான் போனார். பிறகு தூங்கினேன். சின்னவனின் டப்பா கழுவித் துடைத்து அக்கா வீட்டு அலமாரியிலேயே இருந்திருக்கிறது.

மாலையில் அப்பா வீட்டில் பிள்ளைகளை வாங்கும்போது அவர் சொன்னார்: "நான் கையெழுத்து போட்டிருக்கணும்."

"போட்டிருக்கணும்" என்றேன்.

ஏப்ரல் 6, திங்கள்

மறுபடி காலை ஷிப்ட், மறுபடி அக்கா. களைப்பு அப்படியேதான் இருக்கிறது. குறைந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். புதன்கிழமைகளில் பிள்ளைகளின் அப்பாவே பள்ளியிலிருந்து இருவரையும் கூட்டிப்போய், சாப்பாடு கொடுத்து, ஏழு மணிக்குக் கொண்டுவந்து விடுகிறார். நான் கேட்டுத்தான். கேட்பதற்கு முன்னால் நாலு நாள் மனசோடு மல்லுக்கட்டினேன். சரி என்று சொல்ல அவருக்கு நாலு நொடிகூட ஆகவில்லை.

அடுப்பில் ஏதாவது இருக்கும்போது நான் உட்காருவதில்லை. இது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்.

ஏப்ரல் 15, புதன்

பெரியவள் சீப்பை வீசி எறிந்தாள். "எனக்குத் தலைவார வராது. நீ வாரி விடு. எனக்கு வகிடு நேரா வேணும்!" தரையில் விழுந்து அழுகை வேறு. தம்பி அசந்துபோய்ப் பார்க்கிறான், இதெல்லாம் இதுவரை தன்னுடைய தொழில் என்பதால்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஏழு நிமிடம் தாமதம். ஆனால் உட்கார்ந்து வாரிவிட்டேன். நேராக. எத்தனை மாதமாயிற்று அவள் தலையைத் தொட்டு?

ஏப்ரல் 30, வியாழன்

அதே அறை. கடிகாரம் இன்னும் ஓடவில்லை. "இப்ப எந்த வீட்ல தூக்கம் வருது கண்ணு?" என்று கேட்டார் ஆலோசகர் அம்மா.

"ரெண்டு வீட்லயும் வருது. ஆனா தம்பி ஒதைக்கிறான். அவனுக்கு வேற கட்டில் குடுக்கச் சொல்லுங்க."

அவர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கையெழுத்துப் போடும்போது ஒருமுறை என் பக்கம் பார்த்தார். இருவரும் என்னிடமே. புதன்கிழமை அப்படியே தொடரும்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷமா, அசதியா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மே 9, சனி

காலையில் அவசரம். கீழே இறங்கும்போது அக்காவிடம் கையெழுத்து வாங்க வேண்டுமே என்று நோட்டைப் பின்பக்கமாகத் திறந்தேன். சென்ற வார வரியில் 'அம்மா' என்று மட்டும் எழுதி, சாப்பாடு கட்டத்தில் ஒரு மீன் வரைந்திருந்தாள். இந்த வாரத்துக்கு வரியே இல்லை. "எழுதலையாடி?" என்று கேட்டேன். "ஐயோ, மறந்துட்டேன்" என்றாள், காலணி வாரைக் கட்டிக்கொண்டே. பின்னாலிருந்து தம்பி அவள் பையை இழுக்க, இருவருக்கும் சண்டை. நான் நோட்டை மூடிவிட்டேன்.

அப்பா வீட்டுக் கேட்டருகில் அவர் நின்றிருந்தார். நான் கேட்கும் முன்பே "எடுத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மேலே பூனைக்குட்டி ஒன்று வந்திருக்கிறதாம். அவ்வளவுதான், இரண்டும் ஓட்டம். பெரியவளின் ஒரு பக்க வார் அவிழ்ந்து தரையில் இழுபட்டது. கேட்டருகில் பார்த்துக்கொண்டு நின்றேன். படி வளைவு வந்தது, போனது. மேலே சன்னலையும் பார்த்தேன். கொஞ்ச நேரம் நின்றுதான் பார்த்தேன், பொய் சொல்வானேன்.

திரும்பிப் பார்க்கவே இல்லை.

வலிக்கத்தான் செய்தது. அப்படியே நடந்து வீட்டுக்கு வந்தேன். அக்கா மிஷினிலிருந்து தலையைத் தூக்கி, "என்ன, போயாச்சா?" என்றார்.

"போயாச்சுக்கா" என்றேன். மேலே வந்து படுத்து, மதியம்வரை தூங்கினேன்.